சிக்னல் விழும் நேரம்

அத்தியாயம் 9

மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் காலரைச் சாபிரா ஆள்காட்டி விரலால் ஒரு தடவு தடவி, அந்த விரலைத் தங்கப்பாண்டியின் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனி கறுத்திருந்தது.

"ஓட்டுப் போட்டு வந்தாப்ல கீது அண்ணாத்த."

"யாருக்குப் போட்டே?"

"கரிக்குத்தான். இந்த ஏரியாவுல யார் நின்னாலும் அதுதான ஜெயிக்கிது."

தங்கப்பாண்டி சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த போனில் நேற்றைய நிலவரம் திறந்திருந்தது. மாலை நாலு மணி. தூசி அளவு 24. காற்று: நல்லது. நேற்று மாலை நாலு மணிக்கும் இந்தச் சட்டை இதே கொடியில்தான் தொங்கியது. சட்டை பொய் சொல்கிறதா, போன் பொய் சொல்கிறதா என்பதுதான் வழக்கு. சட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது தங்கப்பாண்டியின் கட்சி.

அவருடைய துப்பறியும் ஆபீஸ் ராயபுரத்தில், அண்ணனின் பருப்பு மண்டிக்கு மேல் மாடியில் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். குடும்பத்தில் ஆளுக்கொரு சரக்கை விற்றார்கள். இவர் சந்தேகத்தை வாங்கி, பதிலை விற்றார். உதவிக்குப் புளியந்தோப்பு சாபிரா. ஸ்கூட்டர் ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, முதலாளியை வாரிவிடுவது மூன்றும் அவள் வேலை. மூன்றாவதை மட்டும் சம்பளம் இல்லாமல் செய்தாள்.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் ஜூடி. ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் டெக்னீஷியன். திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே, இரண்டாவது மாடியில் வீடு. பின்பக்க மதிலுக்கு அந்தாண்டை ஒரு கரி யார்டு. பிற்பகல் மூன்று மணிக்கு லாரிகளில் லோடு ஏற்ற ஆரம்பித்தால் ஆறு மணிவரை ஓயாது. ஜூடியின் அம்மா ஞானத்துக்கு நுரையீரல் பாதி வேலை செய்யவில்லை. இதே காற்றில் இன்னொரு கோடையைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் ஜூடியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமென்றால், விலை கேட்டு வருகிறவர்கள் மாடிப்படி ஏறுவதற்குள் இருமி இறங்கிவிடுகிறார்கள். ஆக, நகர வேண்டியது யார்டுதான். நாளைக் காலை மாசு ஆய்வுக் குழு சமுதாயக் கூடத்துக்கு வருகிறது. தெருவே கையெழுத்துப் போட்ட மனு. அதற்கு ஆதாரமாக இருந்தது ஜூடி தன் கையால் செய்த ஒரே ஒரு மெஷின்.

ரிச்சி தெருவில் பொறுக்கிய சாமான்கள். தூசியை எண்ணும் ஒரு சென்சார், அதற்குக் காற்றை இழுத்துக் கொடுக்க ஒரு குட்டி விசிறி, விரல் நீளத்தில் ஒரு சில்லு. எல்லாவற்றையும் பிளம்பர் விட்டுப்போன பிவிசி பைப் வளைவுக்குள் அடைத்து, அம்மாவின் அறைச் சன்னலுக்கு வெளியே, யார்டைப் பார்த்த கிரில்லில் மாட்டியிருந்தாள். கம்பியில்லாமல் வீட்டு மோடத்துக்கு எண்ணை அனுப்பும். அங்கிருந்து போனுக்கு வரும். அறையைப் பார்த்த முகப்பில் ஒரு சின்ன விளக்கும் உண்டு. தூசி குறைவென்றால் பச்சை, நடுத்தரமென்றால் மஞ்சள், அதிகமென்றால் சிவப்பு.

மெஷின் நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்று மணிக்கு யார்டில் முதல் லாரி உறுமியதும் எண் சரசரவென்று ஏறும். பிறகு, லோடு உச்சத்தில் இருக்கும்போது, தொப்பென்று இருபது சொச்சத்துக்கு இறங்கி ஆறு மணிவரை அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். கோடை முழுக்க இதே கதை. யார்டு மேனேஜர் முன்னோட்டக் கூட்டத்திலேயே கையைத் தட்டிச் சிரித்துவிட்டார். 'எங்க வேலை நேரத்துலதாங்க காத்து சுத்தமாகுது. அந்தப் பொண்ணோட மெஷினே சொல்லுது.'

"யாரோ கெடுக்கறாங்க சார்," என்றிருந்தாள் ஜூடி. "யாருன்னு நாளைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும். அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பயந்துடுவாங்க. மோடம் ரிப்பேருன்னு சொல்லிட்டுப் போங்க."

ஆகவே மோடம் ரிப்பேர்காரர்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி, கதவைத் தட்டினார்கள்.

திறந்தவர் ஜூடியின் அப்பா வால்டர். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளங்கை ரேகைகளில் கிரீஸ் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை.

"மோடம் ஊட்டுக்காரி ரூம்ல கீது. செருப்ப மட்டும் வுட்டுட்டு வாங்கோ. பேசறது கொஞ்சம் மெதுவா பேசுங்கோ."

அறையில் ஏசி ஓடியது. மூலையில் காற்றைச் சுத்தம் செய்யும் பெட்டி முனகியது. சன்னல் கண்ணாடி சாத்தி, மெல்லிய திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு புள்ளி. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த ஞானம், வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ரெண்டு பேரு வந்துக்கிறீங்கோ," என்றார், மூச்சுக்கு இடம் விட்டு விட்டு. "ஒரு பொட்டிக்கு."

"இவுரு கழட்டுவாரு, நான் திட்டுவேன் ஆன்ட்டி," என்றாள் சாபிரா. "சிக்னல் எப்டி கீது?"

"காலைல சுமாரு. மூணு மணிக்கு லாரி சத்தம் கேட்டுச்சின்னா நெஞ்சு புடிச்சிக்கும். கொஞ்ச நேரந்தான். அப்பால சிக்னல் உழுந்துடும். டெய்லி. உழுந்தப்புறந்தான் எனுக்கு டீயே எறங்கும்."

"நெட்டு போனாத்தான் டீ எறங்குதா? எங்க வூட்ல நெட்டு போனா சோறே எறங்காது ஆன்ட்டி. நீங்க வேற ஜாதி."

ஞானம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரையே மடக்கிப் போட்டது. வால்டர் ஓடிவந்து முதுகைத் தாங்கினார். அடங்கியதும் சாபிராவைப் பார்த்துக் கோபமில்லாமல் சொன்னார்.

"சிரிக்க வெக்காதம்மா. அவுளுக்கு அதுவும் செலவுதான்."

இருவரும் படி இறங்கினார்கள். தரைத்தளம் வந்ததும் சாபிரா வாயைத் திறந்தாள்.

"கேஸு முடிஞ்சிது அண்ணாத்த. ஜாமரு. மூணு மணிக்கு எவனோ சிக்னல அடிச்சு உடறான். அந்தம்மாவே சொல்லிடுச்சு."

"சிக்னல் விழுந்தா எண்ணே வரக் கூடாதுல்லா? நடுவுல ஓட்டை விழணும். இங்க ஒரு நிமிஷம் விடாம வந்துகிட்டுல்லா இருக்கு. தப்பான எண்ணு, ஆனா ஒழுங்கா வருது."

"அப்போ?"

"ஜாமர்காரன் எண்ணை நிறுத்துவான். இவன் எண்ணைக் குறைக்கான். எடையில கை வைக்கிறவன் தராசைத் தூக்கிட்டு ஓட மாட்டான் சாபிரா. பக்கத்துல நின்னு பேச்சுக் கொடுத்துகிட்டே தட்டுல விரலை வைப்பான்."

விரல் வைக்கக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான். பெயர் லோகநாதன். யார்டு சூப்பர்வைசர். தினமும் மூன்று மணிக்குச் சற்று முன்னால் இந்தக் கட்டடத்துக்கு எதிர் டீக்கடைக்கு வருகிறான், கையில் ஆண்டெனா நீட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது என்று ஜூடி சொல்லியிருந்தாள்.

டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்தால் கட்டடத்தின் வாசலும் தெரியும், பின்பக்கம் போகிற சந்தின் வாயும் தெரியும். சந்துக்கு வேறு வழி கிடையாது. சன்னல் மட்டும் மறுபக்கம். தங்கப்பாண்டி போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். சாபிரா சந்தை வைத்துக்கொண்டாள்.

லோகநாதன் வந்தான். முகக்கவசம் தாடைக்குத் தொட்டில் கட்டியிருந்தது. கறுப்புப் பெட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கைக்கொரு பஜ்ஜியாக எடுத்துக்கொண்டான்.

மதிலுக்கு அப்பால் முதல் லாரி உறுமியது. போனில் எண் ஏறத் தொடங்கியது. 96. 131. 178. டீக்கடைக்காரர் பாய்லர்மேல் துணியைப் போட்டு மூடினார். தெருவில் ஒரு பெண், கைக்குழந்தையின் முகத்தில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். 190. சந்துக்குள் ஒரு நாய் போனது. மனுஷர் யாரும் போகவில்லை. கட்டடத்துக்குள் யாரும் ஏறவில்லை.

பிறகு 120. 60. 31. 24.

தங்கப்பாண்டி தலையைத் தூக்கினார். தெருவில் காற்று இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. லோகநாதனின் இரண்டு கையிலும் பஜ்ஜி அப்படியே இருந்தது.

சாபிரா அதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டாள். "இன்னா நைனா இது? பாட்டு கேக்கறதா?"

பெட்டியே வாக்கி-டாக்கிக் கரகரப்பில் பதில் சொன்னது. "லோகு, ஏழாம் நம்பர் லாரிய உள்ள வுடு. எங்க பூட்ட? பஜ்ஜியா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். லோகநாதனும் சிரித்தான். சிரித்து முடித்து, நன்றாக இருமினான்.

"மெஷின் கேஸுக்கு வந்தியா?" என்றான். "அந்த மெஷினு மேல எவனாவது கை வெச்சா எங்க மேனேஜர் அவன் கைய எடுத்துடுவாரு. அதுக்கு மாலை போடாத குறை. நல்ல காத்து, நல்ல காத்துன்னு அதான சொல்லிகினு கீது."

"நீ இன்னா சொல்ற?"

"நான் இன்னா சொல்ல? எனக்கும் இதே காத்துதாம்மா. பஜ்ஜி கடிச்சா நறநறங்குது." பெட்டியை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டான்.

"கேஸு இப்போ முடியல அண்ணாத்த," என்றாள் சாபிரா.

தங்கப்பாண்டி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தூசி எண்ணுக்குப் பக்கத்தில், யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு மூலையில், மெஷினிலிருந்து மோடத்துக்கு வரும் சிக்னல் எவ்வளவு பலம் என்று காட்டும் சின்னக் கோடுகள் இருந்தன. காலையில் இரண்டு கோடு. இப்போது நாலு. முந்தின நாளைத் திறந்தார். மூன்று மணி வரைக்கும் இரண்டு. அதற்குப் பிறகு நாலு. அதற்கு முந்தின நாளும் அப்படியே.

"தமாஷைப் பாரு. அந்தம்மா சிக்னல் விழுதுங்காக. இது சிக்னல் ஏறுதுங்கு."

"ரெண்டுல ஒண்ணு புளுகு."

"ரெண்டுமே நெசமா இருந்தா?"

"அப்டி இருந்தா எனுக்குத் தலை சுத்தும்."

அவர் ஜூடிக்குப் போன் போட்டார். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில், நாளைக்கான பிரதிகளோடு நின்றுகொண்டிருந்தாள். "மெஷினை யாரும் கெடுக்கலம்மா," என்றார், கெட்டிக்காரத்தனம் பொங்கும் குரலில். "இடத்தை மாத்துதாங்க. தினம் மூணு மணிக்கு மேல அது மோடத்துக்குக் கிட்டப் போகுது. சிக்னல் கோடுகளைப் பாருங்க."

மறுமுனையில் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"கிட்டயா?" என்றாள் ஜூடி.

"கிட்டதான்."

"மோடம் அம்மா ரூம்ல சார்," என்றாள். வைத்துவிட்டாள்.

அவளை நேரில் பார்த்துப் பேசலாம் என்று இருவரும் தண்டவாளத்தை ஒட்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். கும்மிடிப்பூண்டி வண்டி ஒன்று ஸ்டேஷனுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. நின்று வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். பாதிப் பேர் கீழே இறங்கிக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்குகிற காற்றைப் பற்றி அவர்களுக்குப் புகார் ஏதும் இருக்கவில்லை. மீன் கூடையோடு கதவருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண், கீழே நின்று கதை பேசும் கூட்டாளியைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏறுடி. சிக்னல் உழுந்திச்சு பாரு."

வண்டி ஒரு குலுக்கல் குலுக்கி நகர்ந்தது.

தங்கப்பாண்டி நின்றுவிட்டார்.

"சாபிரா. சிக்னல் விழுந்தா வண்டி நிக்குமா, போகுமா?"

"இன்னா கேள்வி? போவும். அந்தக் காலத்துல சிக்னல் கம்பத்துக் கைமரம் மேல இருந்தா நிக்கணும், கீழ உழுந்தா..." அவள் வாயிலேயே வார்த்தை நின்றது. "அண்ணாத்த."

"அந்தம்மா யார் பொண்டாட்டி?"

"பாயின்ட்ஸ்மேன் பொண்டாட்டி."

"நாம மோடம் ரிப்பேர்னு போய் சிக்னல் எப்படின்னு கேட்டோம். அவுக சன்னலைப் பாத்துப் பதில் சொல்லிட்டாக. சிக்னல் விழுந்துச்சுன்னா அறுந்துச்சுன்னு அர்த்தமில்ல. பச்சை விழுந்துச்சுன்னு அர்த்தம். பச்சையைப் பாத்தப்புறந்தான் டீ இறங்குது."

கைமரங்களைப் பிடுங்கி எறிந்து வருஷக்கணக்காகிவிட்டது. இப்போது எல்லாம் விளக்குதான். சொல் மட்டும் இன்னும் விழுந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஒரு துப்பறியும் நிலையம் முழுசாக நசுங்கிக் கிடந்தது.

"அப்போ இடத்த மாத்தறது," என்று ஆரம்பித்த சாபிரா, முடிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தாள். "நீங்க ஜூடிகிட்ட சொல்லிட்டீங்களே."

தங்கப்பாண்டி அதற்குள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார். தொப்பை அனுமதித்த வேகத்தில்.

வால்டர் கதவைத் திறந்தார். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. "இன்னா, மறந்துட்டீங்களா எதுனாச்சும்?"

சாபிரா நேரே அறைக்குள் போனாள். ஞானம் கண் மூடியிருந்தார். மூச்சு சீராக இருந்தது. திரைக்குப் பின்னால் பச்சையாக ஒரு புள்ளி. அவள் திரை ஓரத்தில் கையை விட்டாள். சன்னல் கண்ணாடியைத் திறக்கவில்லை. திறக்காமலேயே, விரலில் மெஷின் தட்டுப்பட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், திரைக் கம்பியில், அழகாகக் கொக்கி போட்டுத் தொங்கியது.

அவள் திரும்பி வந்து சமையலறை வாசலில் நின்றாள். வால்டர் அவள் முகத்தைப் பார்த்து, அடுப்பை அணைத்தார்.

"நீங்க மோடம்காரங்க இல்ல," என்றார்.

"இல்லய்யா," என்றார் தங்கப்பாண்டி.

"மெதுவா பேசுங்கோ." அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் எதையும் ஒடைக்கல சார். லைட்டத் தொடல. ஆயுசுபூரா சிக்னலுக்குக் கீழ வேலை பாத்தவன், பொய்ப் பச்ச காட்ட மாட்டேன். லைன் க்ளியர் இல்லாம பச்ச உழக் கூடாது. அதான் டெய்லி செவப்பு எரிஞ்சதும், கண்ணாடி தொடைக்கறாப்ல தெரைக்குப் பின்னால போயி மெஷின உள்ள இட்டாந்துடறேன். உள்ள ஏசி கீது, அந்தப் பொட்டி கீது, காத்து சுத்தம். லைன் க்ளியர். பச்ச தானா உழுந்திச்சு."

"எதுக்கு அங்கிள்?" என்றாள் சாபிரா.

"இந்த மெஷினு வந்த மொத வாரம், போனுக்கு எண்ணு வராதப்போ, நீ பாத்திருக்கணும். மூணு மணிக்குச் செவப்பு எரியும். அதையே பாத்துகினு படுத்திருப்பா. மூச்ச உள்ள இழுத்தா வெளிய வுட மாட்டா. எங்க வேலைல செவப்புன்னா நிக்கணும். கட்டிகினு வந்த நாள்லேந்து அவ அதத்தான் கேட்டிருக்கா. நிறுத்திடறாம்மா, மூச்ச. மூஞ்சி நீலமாயிடும். முன்னயும் இதே கரிதான், இதே நெஞ்சுதான். ஆனா லைட்டு இல்லாதப்போ அவுளுக்கு இவ்ளோ தெரியல." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பச்ச உழுந்தா டீ குடிக்கிறா. ஒரு இட்லி துன்றா. சன்னல தொறன்னு கேப்பா. ஏசி ஓடுதுடி, வேஸ்ட்டாவும்னுடுவேன்."

சாபிரா அடுப்படியில் இருந்த டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜூடி ஜெராக்ஸ் கட்டோடு உள்ளே வந்தாள். யாரையும் எதுவும் கேட்காமல் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். திரைக் கம்பியைப் பார்த்தாள். திரும்பி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாப்பா?"

"போனுக்கு எண்ணு வர ஆரம்பிச்சதுலேந்தே. நீ வர்றதுக்குள்ள வெளிய மாட்டிடுவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஆசையா செஞ்ச மெஷினு. உங்கம்மாவுக்கு அதப் பாத்துத்தான் பயமேன்னு எப்டிமா சொல்றது?"

ஜூடி கட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் ஒரு முழுக் கோடையின் மாலைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஏசி அறையின் காற்று.

"நாளைக்கு உள்ளதைச் சொல்லிடலாம்," என்றார் தங்கப்பாண்டி, தனக்கே நம்பிக்கையில்லாத குரலில். "மூணு மணிக்கு மேல மெஷின் உள்ள இருந்துச்சுன்னு."

"சொன்னா, வேற எப்பெல்லாம் உள்ள இருந்துச்சுன்னு கேப்பாங்க. எல்லாத்தையும் குப்பைன்னுடுவாங்க. மைக்கு வெச்சுக் கேப்பாங்க சார். சமுதாயக் கூடத்து மைக்கு இந்தத் தெருவுக்கே கேக்கும். கட்டில்ல படுத்திருக்கற அம்மாவுக்குக் கேக்கும், இத்தனை நாளும் செவப்புலதான் படுத்திருந்தோம்னு."

"சொல்லலன்னா?"

"காத்து நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

தங்கப்பாண்டி பேரம் படியாத ஆளைப் பார்த்ததில்லை. வரி அதிகாரியிடம் பேசியிருக்கிறார், கந்துவட்டிக்காரனிடம் பேசியிருக்கிறார், ஒருமுறை பாம்பு பிடிக்கிறவனிடம் பாதிப் பாம்பைப் பிடித்தால் பாதிக் கூலி போதுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். ஆனால் பேரத்துக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இங்கே குற்றவாளி டீ ஆற்றிக்கொண்டிருந்தார். யார்டுக்காரன் இந்த வழக்கில் ஒரு விரலைக்கூட அசைத்திருக்கவில்லை.

ஜூடி திடீரென்று எழுந்து பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள்.

"லைட்டை அணைச்சுடறேன். மெஷின் வெளிய இருக்கட்டும். இன்னைக்கு மிச்சம் இருக்கற நேரமாவது நிஜ எண் வரும். ஒரே ஒரு சாயங்காலம். அதையாவது கையில வெச்சுக்கிட்டு நாளைக்குப் பேசறேன்."

"அணைக்காத," என்றார் வால்டர். "வெளக்கு எரியாத சிக்னலும் செவப்புதாம்மா. அது மொதப் பாடம். உங்கம்மாவுக்கும் தெரியும்."

ஜூடி அப்பாவையே பார்த்தாள். பிறகு தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"அப்போ எப்பவுமே பச்சை. எவ்ளோ தூசி இருந்தாலும் பச்சை."

வால்டர் அறைப் பக்கம் திரும்பினார்.

மாற்றம் காற்றிலேயே போய்ச் சேர்ந்தது. மெஷினைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அதைத் திரைக் கம்பியிலிருந்து எடுத்து, கண்ணாடியை ஒரு கை போகிற அளவுக்கு மட்டும் திறந்து, வெளிக் கிரில்லில் மாட்டிச் சாத்தியவர் வால்டர்தான். சாத்திய பிறகு அந்த விளக்கின் பக்கம் அவர் திரும்பவில்லை. வந்து சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

லேப்டாப்பில் எண் ஏறியது. 88. 152. 203. 217. ஜூடியின் உதடுகள் அதோடு கூடவே அசைந்தன. இந்தக் கோடையில் முதல்முறையாக, லோடு உச்சத்தில் மெஷின் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது.

"வருது சார்," என்றாள். "ஆறு மணி வரைக்கும் இப்படியே வந்தா போதும்."

சாபிரா அவள் தோளில் கையை வைத்தாள். அந்த நிமிஷம் தலைக்குமேல் ஃபேன் தள்ளாடி நின்றது.

அறைக்குள் ஏசி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. காற்றுப் பெட்டியின் முனகல் நின்றது. கூப்பிடு தூரத்தில் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வேலையில் இருந்தன. அவை தயாரித்த கரண்ட் எந்த ஊருக்கோ போய்க்கொண்டிருந்தது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. லேப்டாப்பில் எண் 217லேயே நின்றுபோனது. ஜூடி பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

"மெஷினுக்கு பேட்டரி இருக்கு," என்றாள் யாரிடமோ. "அது எண்ணிகிட்டேதான் இருக்கும். அனுப்பத்தான் முடியாது."

மதிலுக்கு அப்பால் லாரிகள் டீசலில் ஓடின. அவற்றுக்குக் கரண்ட் தேவையில்லை.

அறைக்குள்ளிருந்து ஞானத்தின் குரல் வந்தது. தூங்கி எழுந்த குரல்.

"வால்டரு. கரண்ட் பூட்ச்சா?"

"ஆமாண்டி. வந்துடும்."

"ஏசிதான் நின்னுபோச்சே. புழுங்குது." ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. "பச்சதான எரியுது. சன்னல கொஞ்சம் தொறந்து வுடேன்."

ஜூடி லேப்டாப்பை மூடினாள். தங்கப்பாண்டி சாபிராவைப் பார்த்தார். சாபிரா தரையைப் பார்த்தாள்.

வால்டர் அறைக்குள் போனார். திரையை ஒதுக்கி, சன்னல் கொக்கியில் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"இன்னா நிக்கிற?" என்றார் ஞானம்.